மாசெனக் கழித்தது: கலத்தினுட் கல்சியம் பற்றிய ஆய்வின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் அதன் மேற்கே கிடக்கும் தீவுகளுக்கும் அடித்தளமாக அமைந்தது சுண்ணாம்புக்கல். வேலணைத் தீவிலுள்ள புளியங்கூடலிலோ, கடல் கடந்து செல்லவேண்டிய நெடுந்தீவிலோ கிணற்று நீரை அள்ளிக் கொதிக்கவைப்பவர் கேத்தலின் அடியில் வெண்ணிறப் படையொன்று படிவதைக் காண்பர். அந்நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லினூடே ஊறிச் செல்லும்போது அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தன்னுடன் கொண்டுவருவதே இதற்குக் காரணமாகும். நெடுந்தீவின் வேலிகளை ஆக்கிய பவளக்கல்லும், தீவுக் கடலிற் குளித்தெடுக்கப்படும் சங்கும், வெற்றிலையிற் பூசும் சுண்ணாம்பும், 1950இல் தொடங்கி 1990இல் ஓய்ந்த காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அகழ்ந்தெடுத்த கல்லும் கல்சியம் என்னும் ஒரே மூலகத்தின் வெவ்வேறு கோலங்களே.

இவ்வாறு எங்கும் நிறைந்த பொருளொன்று உயிரினுள் என்ன தொழில் செய்கின்றது என்பதை அறிவது எளிதாக இருந்திருக்கவேண்டும். உண்மையில் அது மிகக் கடினமாக இருந்தது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. அதில் 99 சதவீதம் என்பிலும் பல்லிலும் அடங்கிவிடுகின்றது. எஞ்சிய சிறுபங்கே இதயத்தைத் துடிக்கவைப்பது, தசையைச் சுருக்குவது, நரம்பின் செய்தியை அடுத்த நரம்புக்குக் கடத்துவது. கலத்தினுள் (உயிரணுவினுள்) உள்ள புரதங்களை நோக்கி "தொழிற்படுக" என்று அறிவிக்கும் தூதாக அது அமைகின்றது. இவ்வுண்மை வெளிப்பட ஏறத்தாழ நூறாண்டுகள் சென்றன. அந்த நூறாண்டு வரலாற்றை நோக்குவார்க்கு ஒரு வியப்பான ஒழுங்கு புலனாகும். ஆய்வாளர் மாசெனக் கருதியதிலும், தூய்மை நாடிக் கழித்ததிலுமே விடை மீண்டும் மீண்டும் மறைந்து கிடந்தது. அவ்வொழுங்கை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழாய்நீர் கற்பித்த பாடம்

வரலாறு இலண்டன் மாநகரிலே தொடங்குகின்றது. பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவராகவும் ஆய்வாளராகவும் விளங்கிய சிட்னி றிங்கர், தவளையின் இதயத்தை உடலினின்று பிரித்தெடுத்து, உப்புக் கரைசலில் அது எவ்வளவு நேரம் துடிக்கின்றது என ஆராய்ந்துவந்தார். சோடியங் குளோரைட்டுக் கரைசலில் இதயம் நெடுநேரம் துடித்தது. இம்முடிவை 1882இல் அவர் வெளியிட்டார். ஆனால் அக்கரைசல் காய்ச்சி வடித்த நீரில் ஆக்கப்பட்டதன்று. நியூ றிவர் கம்பனி இலண்டன் மக்களுக்கு வழங்கிய குழாய்நீரில் ஆக்கப்பட்டது என்பதை அவர் பின்னரே அறிந்தார். வடித்த நீரிற் கரைசலை ஆக்கிப் பார்த்தபோது இதயத்தின் துடிப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிட்டது.

குழாய்நீரில் இருந்து வடித்த நீரில் இல்லாமற் போனது யாது? நீரின் பகுப்பாய்வு விடையளித்தது. அந்நீரில் மில்லியனுக்கு ஏறத்தாழ 38 பங்கு கல்சியம் இருந்தது. அச்சிறு அளவு கல்சியத்தைச் சேர்த்ததும் இதயம் மீண்டும் துடித்தது. 1883இல் வெளியிட்ட கட்டுரையில், முன்னைய முடிவு எவ்வாறு பிழைத்தது என்பதை மறைக்காது எடுத்துரைத்து றிங்கர் அதனைத் திருத்தினார். இன்றும் மருத்துவமனைகளில் அவர் பெயரால் வழங்கும் கரைசல் அத்திருத்தத்தின் வழித்தோன்றலே. ஒரு வழுவை மறைத்திருந்தால் ஒரு துறையே தோன்றாது போயிருக்கும் என்பது இங்கு நோக்கற்பாலது.

எனினும் றிங்கர் கண்டது இதயத்துக்குப் புறத்தேயுள்ள கல்சியத்தையே. அது கலத்தினுட் சென்று யாது செய்கின்றது என்ற வினா அறுபதாண்டுகள் பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடந்தது.

தசையின் புதிர்

1940களில் அவ்வினா மீண்டும் எழுந்தது. யப்பானில் கமடாவும் கினோசிற்றாவும் 1943இலும், அமெரிக்காவில் ஹைல்பிறன், வேர்சின்ஸ்கி என்போர் 1947இலும் தசைநாரினுள்ளே நேரடியாகக் கல்சியத்தைச் செலுத்தினர். தசை சுருங்கியது. பிற உப்புக்கள் அவ்வாறு செய்யவில்லை. விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றினும் உயிர்இரசாயன அறிஞர் அதனை ஏற்கவில்லை. அக்காலத்தே தசையின் இரு பெரும் புரதங்களான அற்றினும் மையோசினும் தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டிருந்தன. இவ்விரண்டையும் ஏ.ரி.பி. என்னும் சத்திப் பொருளுடன் சேர்த்தால், கல்சியத்தின் துணையின்றியே அவை சுருக்கத்துக்கு ஒப்பான மாற்றத்தைக் காட்டின. தூய புரதங்களுக்குத் தேவைப்படாத கல்சியம் தசைக்கு மட்டும் ஏன் தேவை? இது நியாயமான தடையே. ஓர் எளிய அயன், அதுவும் கல்லிலும் கடலிலும் கிடக்கும் ஒன்று, உயிரின் நுண்ணிய தொழிலொன்றை ஆள்கின்றது என்று நம்ப அறிஞர் பலருக்கு மனம் வரவில்லை.

இத்தடையை நீக்கியவர்களுள் முதன்மையானவர் தோக்கியோப் பல்கலைக்கழக மருந்தியலாளர் செற்சுரோ எபாசி. கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் இரசாயனப் பொருள்கள் பலவற்றை அவர் ஒப்புநோக்கினார். எப்பொருள் கல்சியத்தை எவ்வளவு இறுகப் பற்றியதோ அவ்வளவுக்கு அது தசையைத் தளர்த்தியது. 1959ஆம் ஆண்டளவில் அவர் அமெரிக்காவில் லிப்மானின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். தசையினுள்ளே உள்ள நுண்ணிய சவ்வுப் பைகள் ஏ.ரி.பி.யைச் செலவிட்டுக் கல்சியத்தைத் தம்முள் இழுத்துக்கொள்கின்றன என்று இருவரும் 1962இல் வெளியிட்டனர். செருமனியில் ஹாசல்பாக், மக்கினோசே என்போரும் அதே காலத்தில் இம்முடிவை எய்தினர். தசை சுருங்குங்கால் அப்பைகள் கல்சியத்தை வெளியே விடுகின்றன. தளருங்கால் மீளப் பெறுகின்றன. அன்னமேரி வெபரின் ஆய்வுகளும் தசையிழையைத் தொழிற்படுத்துவது மிக நுண்ணிய அளவிலான கல்சியமே என்பதை உறுதிப்படுத்தின.

தூய புரதங்கள் கல்சியத்தைப் பொருட்படுத்தாமைக்குக் காரணம் யாது? அவை அளவுக்கு மிஞ்சித் தூய்மையாக்கப்பட்டமையே என்று எபாசி விடை கண்டார். தசையினின்று எடுக்கப்பட்ட இயல்பான கலவை கல்சியத்துக்கு இசைந்து நடந்தது. தூய்மையாக்குகையிற் கழுவிக் கழிக்கப்பட்ட பகுதியிலேதான் கல்சியத்தை உணரும் பொருள் இருந்தது. 1965இல் எபாசியும் அயக்கோ கொடாமாவும் அதற்கு இட்ட பெயர் துரோப்போனின். இது அற்றின் இழைமீது இடைக்கிடை அமர்ந்திருக்கும் புரதமாகும். தளர்ந்த தசையில் துரோப்போமையோசின் என்னும் நீண்ட புரதம் மையோசின் பற்றவேண்டிய இடங்களை மறைத்துக் கிடக்கின்றது. கல்சியம் வந்து துரோப்போனினிற் பிணையும்போது அதன் வடிவம் மாறுகின்றது. மறைத்துக் கிடந்த புரதம் சற்றே விலகுகின்றது. மையோசின் அற்றினைப் பற்றி இழுக்கின்றது. கல்சியம் தானாக எதனையும் சுருக்குவதில்லை. தாழைத் திறப்பதே அதன் தொழில்.

வடிதாளும் கழுவுதொட்டியும்

குழாய்நீர் றிங்கருக்குக் கற்பித்த பாடத்தை வடிதாள் வேறிருவருக்குக் கற்பித்தது. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிறெப்சும் தசையிற் கிளைக்கோசனை உடைக்கும் நொதியத்தை ஆராய்ந்தனர். அந்நொதியத்துக்குத் தொழிற்படும் வடிவமொன்றும் உறங்கும் வடிவமொன்றும் உண்டு. பழைய முறைப்படி தசைச்சாற்றைத் தாளில் வடித்தபோது தொழிற்படும் வடிவம் கிடைத்தது. தாளை விட்டு மையநீக்கப் பொறியிற் சுழற்றித் தெளியவைத்தபோது உறங்கும் வடிவமே கிடைத்தது. வடிதாளில் மாசாக இருந்த கல்சியமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. தாளினின்று வந்த கல்சியம் மற்றொரு நொதியத்தைத் தூண்ட, அது கிளைக்கோசனை உடைக்கும் நொதியத்தின்மேற் பொசுபேற்றுக் கூட்டமொன்றை ஏற்றி அதனை எழுப்பிவிட்டது. புரதங்களின் மேல் பொசுபேற்றை ஏற்றியும் இறக்கியும் கலம் தன் தொழிலை நடத்தும் முறையின் கண்டுபிடிப்பு இவ்வாறு 1950களின் நடுப்பகுதியில் தொடங்கியது. 1992இல் இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தசையைச் சுருக்கும் அதே கல்சியம் அச்சுருக்கத்துக்கு வேண்டிய வெல்லத்தையும் விடுவிக்க ஏவுகின்றது என்பது இதனாற் புலனாயிற்று.

மூன்றாவது நிகழ்ச்சி கடல்நீரால் விளைந்தது. 1961ஆம் ஆண்டுக் கோடையில் ஒசாமு சிமொமுறா என்னும் யப்பானியர், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஃபிறைடே ஹாபர் ஆய்வு நிலையத்தில், ஒளிரும் இழுதுமீன்களிலிருந்து ஒளிப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்றார். சாற்றின் ஒளியை அமிலத்தால் அடக்கியபின் அமிலத்தை நீக்கிப் பார்த்தபோது மங்கிய ஒளியே தோன்றியது. அன்றைய சாற்றைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். தொட்டி நீல ஒளியிற் பளிச்சிட்டது. மீன்தொட்டிகளிலிருந்து வழிந்த கடல்நீர் அத்தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஓர் இலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அக்கல்சியமே சாற்றிலிருந்த புரதத்தை ஒளிரச் செய்தது. ஏக்குவோரின் எனப் பெயரிடப்பட்ட அப்புரதம் கல்சியம் உள்ள இடத்தை ஒளியாற் காட்டும் கருவியாயிற்று. 1967இல் றிஜ்வேயும் ஆஷ்லியும் அதனைப் படகடியில் ஒட்டி வளரும் ஓடுடைய கடலுயிரொன்றின் பருத்த தசைநாரினுட் செலுத்தினர். தசை சுருங்கத் தொடங்குமுன் ஒளி எழுந்தடங்குவதைக் கண்டனர். எண்பதாண்டுக்கு மேலாக ஊகிக்கப்பட்டது கண்முன்னே தோன்றியது.

ஏன் கல்சியம்?

இவ்விடத்தே ஓர் அடிப்படை வினாவுக்கு விடை காண்பது பொருந்தும். கலம் தூதாகக் கொள்ளக் கல்சியத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் யாது? குருதியில் ஓர் இலீற்றருக்கு ஏறத்தாழ 48 மில்லிகிராம் கல்சியம் கட்டற்ற அயனாக உண்டு. ஓய்ந்திருக்கும் கலத்தின் குழியவுருவிலோ ஓர் இலீற்றருக்கு ஏறத்தாழ 0.004 மில்லிகிராமே உண்டு. வேறுபாடு பத்தாயிரம் மடங்குக்கு மேற்பட்டது. கலத்தின் சத்தி நாணயமான ஏ.ரி.பி.யிலும் பரம்பரைப் பொருளிலும் பொசுபேற்று நிறைந்துள்ளது. பொசுபேற்றும் கல்சியமும் சேரின் கரையாத உப்பாகப் படியும். ஆதலின் உயிர் தோன்றிய தொடக்கத்திலேயே கல்சியத்தை வெளியேற்றுவது கலத்துக்கு இன்றியமையாததாயிற்று என்று கருதப்படுகின்றது. சத்தியைச் செலவிட்டு இடையறாது இறைத்துக்கொண்டிருக்கும் புரதங்கள் மென்சவ்விலே அமைந்துள்ளன.

அவ்வாறு இறைத்து வறண்ட களத்தில் ஒரு வாய்க்காலைச் சிறிது நேரம் திறந்துவிட்டால், கல்சியத்தின் அளவு கணப்பொழுதிற் பத்து மடங்காகும். நிறைந்த குளத்திற் குடம் நீர் ஊற்றினால் எவரும் அறியார். வறண்ட தரையிற் சிந்திய துளியும் தெரியும். கல்சியத்தின் தூதுக்கு வலிமை தருவது அதன் மிகுதியன்று, அதன் இன்மையே.

மகனீசியமும் இரட்டை ஏற்றமுள்ள அயனே. ஆயின் அது சிறியது. தன்னைச் சூழ்ந்த நீர்மூலக்கூறுகளை இறுகப் பற்றி எளிதில் விடாதது. ஆறு திசைகளில் மட்டுமே பிணைபவற்றை விரும்புவது. கல்சியம் பெரியது, நீரை விரைந்து கைவிடுவது, ஏழு, எட்டு ஒட்சிசன் அணுக்களையும் ஒழுங்கற்ற கோணங்களில் ஏற்பது. வளைந்து நெளிந்த புரதத்தின் பள்ளத்தில் அமர இதனினும் ஏற்ற அயன் பிறிதில்லை.

புரதத்தின் கை

தசையிலன்றிப் பிற கலங்களிற் கல்சியத்தை உணர்வது எது? இதற்கான விடையும் கழிவினின்றே வந்தது. 1970இல் மெம்பிஸ் நகரில் வை யூ செயுங் மூளையினின்று ஒரு நொதியத்தைத் தூய்மையாக்கினார். தூய்மை கூடக்கூட அதன் தொழிற்பாடு குன்றியது. கழித்த பகுதியை மீளச் சேர்த்ததும் தொழிற்பாடு திரும்பியது. கழிவிலிருந்த புரதமே பின்னாளிற் கல்மொடுலின் எனப் பெயர் பெற்றது. யப்பானில் கக்கியூச்சியும் தனித்து அதனைக் கண்டார். 148 அமினோவமிலங்களாலான இச்சிறு புரதம் நான்கு கல்சிய அயன்களை ஏற்கும். ஏற்றபின் பல்வேறு புரதங்களைப் பற்றிக்கொண்டு அவற்றை ஏவும். ஃபிஷரும் கிறெப்சும் ஆராய்ந்த தொகுதியில், வடிதாளின் கல்சியத்தை ஏற்ற நொதியத்தின் ஓர் உறுப்பு கல்மொடுலினே என்று பிலிப் கோகனும் அவர் குழுவினரும் 1978இற் காட்டியபோது இரு கதைகளும் ஒன்றாயின.

கல்சியம் அமரும் பள்ளத்தின் வடிவத்தை முதலிற் காட்டியது ஒரு நன்னீர் மீனின் தசைப்புரதம். 1973இல் கிறெற்சிங்கரும் நொக்கோல்ட்சும் ஊடுகதிர்ப் பளிங்கியல் முறையால் அதன் வடிவத்தை வரைந்தனர். சுருளியொன்று, அதனையடுத்து 12 அமினோவமிலங்கள் கொண்ட தடம், பின்னர் மற்றொரு சுருளி என அது அமைந்திருந்தது. நீட்டிய சுட்டுவிரலும் பெருவிரலும் இரு சுருளிகளை ஒத்தமையின் அவ்வமைப்பை ஒரு கையாக உருவகித்தனர். துரோப்போனினிலும் கல்மொடுலினிலும் இதே கை மீண்டும் மீண்டும் வருகின்றது.

இக்கையின் நடுவே தமிழகத்துக்கு உரிய ஒரு செய்தி உண்டு. 12 அமினோவமிலங்கள் கொண்ட தடத்தில் ஆறாம் இடத்தைப் பெரும்பாலும் கிளைசீனே பெறுகின்றது. பல கோடி ஆண்டுப் பரிணாமத்திலும் அவ்விடத்தைப் பிறிதோர் அமினோவமிலம் அரிதாகவே கைப்பற்றியது. ஏன் என்பதற்குரிய விளக்கம், அக்கை கண்டுபிடிக்கப்படுவதற்குப் பத்தாண்டு முன்னரே சென்னையில் வகுக்கப்பட்டிருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியற் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரு பிணைப்புக்கள் சுழலக்கூடியன. எக்கோணமும் ஆகுமோ? ஆகாது, அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மேல் நெருங்க இயலாது. எனவே அனுமதிக்கப்பட்ட கோணங்கள் சில சிறு பகுதிகளுள் அடங்கிவிடும். அப்பகுதிகளை ஒரு தாளில் அவர்கள் வரைந்து காட்டினர். அதுவே இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என வழங்குவது. புதிதாகத் தீர்க்கப்படும் புரத வடிவங்கள் இன்றும் அவ்வரைபடத்தில் வைத்தே சரிபார்க்கப்படுகின்றன. பக்கக் கிளையாக ஐதரசன் அணு ஒன்றை மட்டுமே கொண்ட கிளைசீனுக்கு அவ்வரைபடத்தில் மிகப் பரந்த நிலம் உண்டு. கல்சியத்தைச் சூழ்ந்து வளையவேண்டிய தடம் ஆறாம் இடத்திற் கூர்மையாகத் திரும்புகின்றது. அத்திருப்பத்தின் கோணம் பிற அமினோவமிலங்கள் இடர்ப்படும் பகுதியில் விழுகின்றது. கிளைசீனே அங்கு இயல்பாக அமரும். பரிணாமம் காத்துவந்த ஓர் ஒழுங்குக்கான காரணம் அணுக்களின் இடநெருக்கத்திற் கிடக்கின்றது. எபாசியும் இராமச்சந்திரனும் 1922ஆம் ஆண்டிலே பிறந்தவர்கள். போரின் பின்னர், அறிவியலின் பெருந்தலைநகரங்களுக்கு அப்பால், தோக்கியோவிலும் சென்னையிலும் இருந்துகொண்டே இவ்விருவரும் துறையின் இரு தூண்களை நாட்டினர்.

இந்திய வம்சாவளியினரான வை. எஸ். பாபுவும் அவருடன் பணியாற்றியோரும் 1985இற் கல்மொடுலினின் வடிவத்தை வெளியிட்டனர். ஒவ்வொரு முனையிலும் ஈரிரு கைகள். இடையே நீண்ட சுருளி. 1992இல் அது தன் இலக்குப் புரதத்தின் ஒரு துண்டைப் பற்றிய நிலையில் வரையப்பட்டபோது, இடைச்சுருளி வளைந்து இரு முனைகளும் அத்துண்டைச் சூழ்ந்து தழுவியிருந்தன. கல்சியம் வரும்போது எண்ணெய்த் தன்மையுடைய பரப்புக்கள் திறக்கின்றன. அவை இலக்கைக் கவ்வுகின்றன. கல்சியம் நீங்கியதும் பிடி தளர்கின்றது. புரதத்தின் நடத்தை என நாம் கூறுவது முடிவில் வடிவத்தின் மாற்றமே.

தூதின் விரிவு

எழுபதுகளின் பின்னர் இத்துறை பெருவெள்ளமாயிற்று; விரிவு கருதி மூன்றனையே குறிப்பிடுவோம். முதலாவது, தூது எங்கிருந்து எழுகின்றது என்பது. கலத்தின் மேற்பரப்பில் ஓமோன் வந்து தட்டும்போது இனோசிற்றோல் திரிபொசுபேற்று என்னும் சிறு மூலக்கூறு தோன்றி, உள்ளிருக்கும் களஞ்சியத்தைத் திறந்து கல்சியத்தை விடுவிக்கின்றது என 1983இற் பெரிஜும் அவருடன் ஆய்ந்தோரும் காட்டினர். அவ்வாயிலாக அமைந்த புரதத்தின் மரபணுவைப் பழ ஈயில் 1992இல் இனங்கண்ட கைத்தி ஹசன், பின்னர் பெங்களூரில் அவ்வாய்வை வளர்த்தார்.

இரண்டாவது, தாவரங்கள் பற்றியது. விலங்குக்கு மட்டும் உரியதெனக் கருதப்பட்ட தூது பயிரிலும் உண்டோ? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கே. வேலுத்தம்பியும் பூவையாவும், சோள முளைகளிலுள்ள புரதங்களின் மேல் பொசுபேற்று ஏறுவதைக் கல்சியம் ஊக்குகின்றது என 1984இற் காட்டினர். வேலுத்தம்பி பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கினார்.

மூன்றாவது, மருத்துவப் பயன். நோய் எதிர்ப்புக் கலமொன்று அந்நியப் பொருளைக் கண்டதும் அதனுட் கல்சியம் உயர்கின்றது. கல்மொடுலின் கல்சினியூரின் என்னும் நொதியத்தை ஏவுகின்றது. அது வேறொரு புரதத்தின் பொசுபேற்றை நீக்க, அப்புரதம் கருவினுட் புகுந்து போருக்குரிய மரபணுக்களை எழுப்புகின்றது. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாது காக்கும் சைக்குளோசுப்போரின் என்ற மருந்து கல்சினியூரினையே அடக்குகின்றது என்பது 1991இல் வெளியாயிற்று. கல்சியத்தின் ஒரு சொல்லைத் தடுப்பதாற் பலர் உயிர் வாழ்கின்றனர்.

முடிவுரை

குழாய்நீர், கழுவிக் கழித்த தசைப்புரதம், வடிதாள், கழுவுதொட்டியின் கடல்நீர், தூய்மை நாடி ஒதுக்கிய மூளைச்சாறு என்று ஐந்தும் ஒரே பாடத்தைக் கூறுகின்றன. தூய்மையாக்குதல் விஞ்ஞானத்தின் இன்றியமையாத முறையே. அஃதின்றேல் துரோப்போனினும் கல்மொடுலினும் தனித்துக் கிடைத்திரா. ஆயினும் தூய்மையாக்குவோன் தான் நீக்கியது யாது என்பதையும் குறித்துவைத்தல் வேண்டும். பரிசோதனை தவறும்போது, அது நேற்று ஏன் தவறவில்லை என்று கேட்கும் பொறுமையும் வேண்டும்.

வசதி குறைந்த ஆய்வுகூடங்களிற் பயிலும் நம் மாணவருக்கு இவ்வரலாறு ஆறுதலாக மட்டும் அமைதல் போதாது. மாசுபட்ட நீர் தானாக எதனையும் கண்டுபிடிப்பதில்லை. இலண்டனின் எத்தனையோ ஆய்வுகூடங்களில் அதே குழாய்நீர் ஓடியது; அந்நீரைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரித்தவர் றிங்கர் ஒருவரே. சுண்ணாம்பு மண்ணில் வாழும் நமக்கு நீரில் யாது கரைந்துள்ளது என்ற வினா வாழ்க்கையோடு ஒட்டியது. அவ்வினாவை ஆய்வுகூடத்தின் வாயிலில் இறக்கிவைத்துவிடாது உள்ளேயும் கொண்டுசெல்லும் மாணவனே றிங்கரின் வழியில் நடப்பவனாவான்.